நீங்க போகலாம்

"நீங்க போகலாம்" என்று ஏட்டு சொல்லிவிட்டார். வண்டிதான் போகவில்லை.

ஒரு முழம் நகர்ந்தது. குலுங்கியது. அணைந்தது.

டிரைவிங் ஸ்கூல் வண்டி. கூரை மேல் மஞ்சள் பலகை, முன்னும் பின்னும் எல் போர்டு. ஸ்டியரிங்கில் நாற்பதைத் தொட்ட மாணவன். பக்கத்தில் டீச்சர். பின் சீட்டில், தன் முறைக்குக் காத்திருக்கும் இன்னொரு மாணவன். அவனை ஒட்டினாற்போல், பள்ளிச் சீருடையில் டீச்சரின் மகள்.

"முதல் நாளாய்யா?"

"ஆமா சார். கை காலெல்லாம் உதறுது." ஸ்டியரிங்கில் இருந்தவன் சிரித்தான்.

உதறலா? சற்று முன் ஏட்டு கை காட்டியதும், இரண்டு தடுப்புகளுக்கு நடுவே ஒரே வெட்டில் வண்டியைச் செருகி நிறுத்தியவன் இவன்தான். பழுத்த டாக்ஸிக்காரன்கூட ஒரு தரம் முன்னே பின்னே போயிருப்பான்.

ஏட்டுக்கு நாக்கு நுனி வரை ஒரு கேள்வி வந்தது. விழுங்கிக்கொண்டார்.

போன மாதம் இதே இடத்தில் ஒருவனை நிறுத்தி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த பிறகும் சும்மா நாலு கேள்வி கேட்டுவிட்டார். அவன் யாரோ பெரிய இடத்து மாப்பிள்ளை. மறுநாள் இன்ஸ்பெக்டர் எல்லோர் முன்னாலும் வைத்துக் கிழித்தார்.

"லைசென்ஸ் அவன் கைக்குப் போயிட்டா கதை முடிஞ்சுதுய்யா. அப்புறம் நீ அவன்கிட்ட மணிகூடக் கேக்கக் கூடாது. இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு, தொப்பியைக் கழட்டி மேஜை மேல வச்சிட்டு வீட்டுக்குப் போயிடு."

ஓய்வு பெறப் போகிற வயதில் வீட்டுக்குப் போவதா?

அதனால்தான் இன்று எல்லாம் சுத்தம். மாணவனின் எல்.எல்.ஆர். பார்த்தார். டீச்சரின் லைசென்ஸ் பார்த்தார். இன்சூரன்ஸ் பார்த்தார். ஒரு குறை இல்லை. திருப்பிக் கொடுத்தார்.

அப்போதுதான் டீச்சர் முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

"டிக்கி பாக்கலையா சார்?"

ஏட்டு திடுக்கிட்டார். சர்வீஸ் முழுக்க அவர் காதில் விழுந்ததெல்லாம் 'போலாமா சார்?' ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் பாருங்கள் என்று போலீஸ்காரனிடம் சொன்ன முதல் ஆள் இவள்.

குத்திக் காட்டுகிறாளா? யாராவது செல்போனில் படம் பிடிக்கிறார்களா?

"அதெல்லாம் தேவையில்லம்மா. நீங்க போகலாம்."

சொல்லிவிட்டு ஓர் அடி தள்ளியே நின்றுகொண்டார், பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று.

வண்டி மறுபடி உறுமியது. குலுங்கியது. அணைந்தது. இப்போது அதன் மூக்கு சாலைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பஸ் அலறியது. அதற்குப் பின்னால் இன்னும் நாலைந்து.

"ஏட்டய்யா, இவன் இன்னிக்குள்ள போக மாட்டான். வாங்க, தள்ளி விட்டுடலாம்" என்றான் கூட நின்ற கான்ஸ்டபிள். தொண்டை அப்படி, ஸ்டேஷனில் அவன் பெயரே ஹாரன்.

இருவரும் டிக்கியில் கை வைத்துத் தள்ளினார்கள். பாறையைத் தள்ளுவது போல் இருந்தது. ஏட்டின் முகத்துக்கு நேரே பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"யோவ், பிரேக்லேருந்து கால எடுய்யா!"

"நான் பிரேக்ல காலே வைக்கல சார்!"

முதல் நாள்காரர்கள் எல்லோரும் சொல்கிற பதில்தான். ஹாரன் கெக்கெக்கென்று சிரித்தான்.

பின் கண்ணாடி வழியே சிறுமி திரும்பி ஏட்டையே பார்த்தாள். அவர் ஒரு கையை எடுத்து டாட்டா காட்டினார். அவள் காட்டவில்லை. பக்கத்தில் இருந்தவன் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் முன்னால் சாய்ந்து, அம்மாவின் தோளை மெதுவாகத் தொட்டாள்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

வண்டி லேசாகிவிட்டது. தள்ளிய வேகத்தில் ஏட்டு குப்புற விழப் பார்த்தார்.

"அப்படித்தான்! போ, போ!"

வண்டி கிளம்பியது. கியர் இரண்டு, மூன்று. ஒரு குலுக்கல் இல்லை. வெண்ணெயில் கத்தி போனது போல் வளைவில் திரும்பி மறைந்தது.

"பரவால்லையே, அதுக்குள்ள பிடிச்சுக்கிட்டான்" என்றார் ஏட்டு. ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் வராது. மனசு நிறைந்திருந்தது.

ஹாரன் பேன்ட்டில் கையைத் தட்டிக்கொண்டே சொன்னான்:

"என் பொண்டாட்டியும் கிளாஸ் போறாளே ஏட்டய்யா. முதல் நாள் வண்டி நகரவே மாட்டேங்குதுன்னு ஒரே அழுகை. கடைசில பாத்தா, அந்த டீச்சரம்மா தன் பக்கத்து பிரேக்ல கால வச்சிட்டு ஜாலியா போன்ல பேசிட்டிருந்திருக்கு!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

ஏட்டு வளைவைத் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவருக்குத் தெரியாததா? ஊருக்கே தெரியும். தெரிய வேண்டிய நேரத்தில் தெரியவில்லை.

வாக்கிடாக்கியை உருவிக்கொண்டு வளைவு வரை ஓடினார். அங்கிருந்து சாலை மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் மஞ்சள் பலகை இல்லை.

பட்டனை அழுத்தப் போன கை நின்றது. உள்ளங்கை முழுக்கத் தூசி.

அந்த டிக்கியின் மேல் அவருடைய பத்து விரலும் அச்சாகப் பதிந்திருக்கும். இப்போது வண்டியோடு போய்க்கொண்டிருக்கும்.