நாற்பதாம் நாள் கோதுமை

அன்று முற்றத்தில் இருந்தவர்கள் ஐவர்: கணவனை இழந்து நாற்பது நாள் ஆன ரய்னா, எதிர்வீட்டு நெவேனா, மூன்றாம் மாடி ஒக்னியான், அவருடைய அறையை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுத்திருந்த துன்யா என்ற செர்பியப் பெண், நான்.

ரய்னாவின் பக்கத்தில், பெஞ்சின்மேல், ஒரு பெரிய தட்டு. அதில் சிறு கிண்ணங்களில் வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரையும் அக்ரூட் பருப்பும். இறந்தவர் பெயரால் கொடுப்பதை வாங்கி ஒரு வாய் உண்டு, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். பல்கேரியாவில், எங்கள் ப்ளோவ்டிவ் நகரில் இதை மறுப்பவர் கிடையாது.

அன்று காலையிலிருந்து நாங்கள் மறுத்துக்கொண்டிருந்தோம்.

துன்யா அப்போதுதான் ஊர் சுற்றிவிட்டு வந்தாள். முதுகில் அவளைவிட அகலமான பை, செருப்பெல்லாம் புழுதி. மறுநாள் காலை இஸ்தான்புல் பேருந்து. அதற்குள் நகரத்தில் ஒரு கல்லையும் விட்டுவிடக் கூடாது என்பது அவள் கணக்கு. ரோமானிய அரங்கின் படிகளைக்கூட எண்ணியிருந்தாள்.

"யாருக்கும்மா இது?"

"என் வீட்டுக்காரருக்கு. பேரு ஸ்தாமென்."

அவள் நின்றபடியே உண்டாள். "கடவுள் மன்னிக்கட்டும்," என்றாள். இன்னொரு கிண்ணத்தையும் எடுத்தாள்.

ஒக்னியான் சிரித்தார். "ஓசியில கிடைச்சா போதும், பையைத் தூக்கிட்டுத் திரியறவங்களுக்கு வயிறு ரெண்டாயிடும்."

"எங்க நோவி சாத்துலயும் இதே வழக்கந்தான் மாமா. நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்களேன்."

"அவனுக்கு மன்னிப்பா? என் வாயில வராது."

நெவேனா பின்னிக்கொண்டிருந்த கம்பளியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள தட்டு காலியாகணும்மா," என்றாள் ரய்னா, அந்தப் பெண்ணிடம் மட்டும். "உள்ள இன்னொரு தட்டு வேற இருக்கு. மன்னிக்கச் சொல்லி ஒருத்தர்கூடக் கேக்கலைன்னா, அவர் அங்க போய் என்ன பண்ணுவாரு?"

"இருங்க, நான் எடுத்துட்டு வரேன்." துன்யா பையை இறக்கி வைத்துவிட்டு ரய்னாவின் வீட்டுக்குள் போனாள். இரண்டாம் தட்டோடு வந்தவள், கேட்கக் கூடாததை வெகு இயல்பாகக் கேட்டாள்.

"அப்படி என்னதான் பண்ணிட்டாரு அவரு?"

"கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த அந்தக் காலத்துல இந்தக் கட்டடத்துக்கு அவன்தான் பொறுப்பாளி," என்றார் ஒக்னியான். "எங்களைப் பத்தியெல்லாம் போலீசுக்கு எழுதிப் போட்டான். வெளிநாட்டு ரேடியோ கேட்டாருன்னு நெவேனா புருஷன் மூணு வருஷம் உள்ள கிடந்தாரு."

"எழுதினது அவருதான்னு எப்படித் தெரியும்?"

"போலீஸ் கோப்பை எட்டு வருஷம் முன்னாடி காட்டினாங்களே. அதுல இருந்தது புனைபேருதான். ஆனா பொறுப்பாளியை விட்டா வேற எவன் எழுதுவான்?"

"சாகிற வரைக்கும் நான் இல்லைன்னுதான் சொன்னாரு," என்றாள் ரய்னா.

"எழுதினவன் எவன் ஆமாம்னு சொல்லியிருக்கான்?"

நெவேனா அப்போதுதான் வாய் திறந்தாள். அந்தக் கோப்பு அவளுக்கு மனப்பாடம்.

"'புதன்கிழமை மாலை. சமையலறை மேசையில் மூன்று கோப்பைகள். நடுவே வானொலி. அவர் அடுப்புப் பக்கமாக உட்கார்ந்து ஒலியைக் குறைக்கிறார்.' இப்படியே பக்கம் பக்கமா. சன்னல் வழியா உக்காந்து பாத்துப் பாத்து எழுதியிருக்கான்."

துன்யா எழுந்து நின்றாள். அரங்கத்தைப் பார்த்த அதே ஆர்வத்தோடு எங்கள் முற்றத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எந்தச் சன்னல்?"

"எந்தச் சன்னலா? அவன் வீட்டுச் சன்னல்தான்," என்றார் ஒக்னியான்.

"அங்கேருந்து எப்படித் தெரியும் மாமா? நான் இப்பதானே உள்ள போயிட்டு வந்தேன். சன்னல் ரெண்டும் தெருப் பக்கம். இந்தப் பக்கம் வெறும் சுவருதான்."

நெவேனாவின் ஊசிகள் நின்றன.

"உங்க சமையலறை என் அறையிலருந்துதான் நல்லாத் தெரியுது," என்றாள் துன்யா, தானே ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில். "காலையில குடைமிளகாய் சுட்டுத் தோல் உரிச்சீங்களே, மேசை, அடுப்பு எல்லாம் தெரிஞ்சுது. வாசனை வராதது ஒண்ணுதான் குறை."

எட்டு ஆண்டுகளாக நாங்கள் ஸ்தாமெனுக்கு வணக்கம் சொன்னதில்லை. அவர் வீட்டுச் சன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்று ஒருவரும் போய்ப் பார்த்ததும் இல்லை.

நெவேனா கம்பளியைக் கீழே வைத்தாள். ரய்னாவிடம் போய் ஒரு கிண்ணம் எடுத்து, ஒரு வாய் உண்டாள்.

"கடவுள் மன்னிக்கட்டும், ஸ்தாமென்."

பிறகு இன்னொரு கிண்ணத்தை எடுத்து ஒக்னியானிடம் நீட்டினாள்.

"மேல இருக்கற அந்த அறை, நீ பிறந்ததுலேருந்து உன்னோடதுதானே, ஒக்னியான்?"

அவர் கிண்ணத்தை வாங்கவில்லை. எழுந்தார். தொப்பியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் முற்றத்துக் கதவைத் திறந்து, தெருவில் இறங்கி நடந்தார்.