கதவுக்கு அந்தப் பக்கம்

ஒற்றப்பாலம் தியேட்டரில் மதியக் காட்சி. திரையின் நீல வெளிச்சம் அம்மாவின் கன்னத்தில் விழுந்து விழுந்து அணைகிறது. ‘நம்ம ஊரில் நடந்த உண்மைக் கதை’ என்ற போஸ்டரைப் பார்த்து, யார் கதையென்று தெரியாமல்தான் அழைத்து வந்தேன். மனநிலை குலைந்த பெண்ணொருத்தியை வீட்டார் அறையில் பூட்டிவைக்கிறார்கள். பெயரை மாற்றியிருக்கிறார்கள். படத்தில் அவள் செத்துப் பேயாகிவிட்டாள். நிஜத்தில் குணமாகி, என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பேய் உள்ளிருந்து கதவைத் தலையால் முட்டுகிறது. ஒவ்வொரு முட்டுக்கும் நாற்காலிகள் அதிர்கின்றன. அரங்கமே அலறுகிறது. “டேய், பைத்தியம் வெளிய வருதுடா!” என்று பின்னாலிருந்து ஒருவன் விசிலடிக்கிறான். அம்மாவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிகின்றன.

“நான் யாரையும் பயமுறுத்தலே மோளே,” என்கிறாள். “தண்ணி கேட்டுத்தான் தட்டினேன்.”

“வா அம்மே, போயிடலாம்.”

“வேண்டாம். எழுந்தா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.”

இடைவேளை விளக்குகள் எரிகின்றன. முன்வரிசைப் பெண் பாப்கார்னோடு திரும்பி, அம்மாவின் வெளிறிய முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள். “ரொம்பப் பயந்துட்டீங்களா சேச்சி?” அம்மா முந்தானையை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையசைக்கிறாள்.