இரு கை ஏந்திய கூரை

கூதிர்காலம் மலைச்சரிவெங்கும் மெல்லப் படர்ந்திருந்தது. முகில்கள் நோன்பு பூண்டவைபோல் வாய்மூடி நின்றன. புல்நுனிகள் நீர்த்துளியின் பாரத்தால் தலைதாழ்ந்திருந்தன.

நல்லசிவமும் மனைவி உலகம்மையும் முதன்முதலாக வாங்கிய பயணவண்டி அங்கே நின்றது. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பழைய வண்டி. வெளியேயுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் கூரை மேலெழும், துணிச்சுவர்கள் விரியும். கூரைக்கு முட்டுக்கம்பி கொடுத்த பின்னரே உள்ளே போகவேண்டும் என்று விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இராகுகாலம் பிறக்குமுன் பால் காய்ச்சும் அவசரத்தில் நல்லசிவம் அதை விட்டுவிட்டார்.

இருவரும் உள்ளே நிற்க, பால் பொங்கியபோது கூரை இறங்கத் தொடங்கியது. கதவு நெளிந்து இறுகிக்கொண்டது. அவர் இரு கைகளாலும் கூரையைத் தாங்கினார்.

“கையை எடுத்துராதீங்க அத்தான்! நல்ல நேரம் பார்த்த லட்சணம் இதுதானா?”

“ஏட்டி, பிறகு ஏசிக்கோ. சன்னல் வழியா இறங்கிப் போய்க் கைப்பிடியைச் சுத்து.”

“அதுக்குள்ள நான் நுழைவனா?”

“நுழையலன்னா ரெண்டு பேருக்கும் இனி இங்கதான் குடித்தனம்.”

அவர் தோள்கள் நடுங்கின. கூரை மேலும் ஒரு விரற்கடை இறங்கியது. உலகம்மை அடுப்பை அணைத்தாள். சன்னல் துணியின் ஜிப் பாதிவரை வந்து, அதற்குமேல் அசைய மறுத்தது. அவள் திரும்பினாள். திருநீற்றை எடுத்து, கண்மூடி ஐந்தெழுத்தை ஓதி, கைகள் ஒழியாத அவர் நெற்றியில் பூசினாள். பிறகு அந்தச் சிறு பிளவில் தோளை நுழைத்தவாறே சொன்னாள்:

“தாங்குற கைக்கு அவன் தொணை இருப்பான். நீங்க நல்லா இருப்பீங்க, அத்தான்.”