வடநாட்டு மட்டை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காரைக்குடிக் கடை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன்.

விளையாட்டுச் சாமான் கடையில் பூமிநாதன் வந்து நின்று அரைமணி நேரமாயிற்று. கையில் இரண்டாக முறிந்த கிரிக்கெட் மட்டை. எதிர்ச் சுவரில் அதே மாதிரி இன்னும் இரண்டு தொங்கின. முதலாளி சுந்தரமோ கல்லூரிப் பையன்களிடமே குழைந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, இதக் கொஞ்சம் பாருங்க. முறிஞ்சு தெறிச்ச சிலாம்பு எங்க ஊருப் பிள்ளை கண்ணோரத்துல குத்திருச்சு.”

“வித்த சாமானத் திரும்ப எடுக்கிறதில்ல. போர்டு தெரியலையா?”

“மாத்தித் தர வேணாம். தொங்குற ரெண்டையும் இறக்கிருங்க, போதும்.”

“எங் கடைச் சாமான இறக்கச் சொல்ல நீரு யாரு? அது வடநாட்டுச் சரக்கு, ரயில்ல வந்தது. கல்லுல அடிச்சு ஒடச்சிட்டு நியாயம் பேசுறீரே, மட்டையப் பத்தி உமக்கு என்னய்யா தெரியும்?”

அதற்குள் ஒரு மாணவன் சுவரிலிருந்த ஒன்றை எடுத்து வீசிப் பார்த்தான். “இதக் கட்டிக் குடுங்க.”

பூமிநாதன் முதலாளியை விட்டுவிட்டு அவனிடம் திரும்பினார்.

“வேணாந் தம்பி. அது இங்க பக்கத்துல, மானகிரியில வெட்டுன பூவரசு, ஈரங் காயல. ஆகாதுன்னு நான் ஒதுக்கி வச்சிருந்த மூணையும், நான் இல்லாத நேரம் பாத்து இவுக ஆளு பட்டறையில இருந்து அள்ளிட்டு வந்துட்டாரு. இழைச்சது நாந்தேன்.”

மாணவன் மட்டையைப் பலகைமேல் வைத்தான். “மானகிரிச் சரக்கு ரயில்லயாண்ணே வந்துச்சு?”

சுந்தரம் மற்றதையும் தானே இறக்கி, இரண்டையும் பூமிநாதனிடம் நீட்டினார்.

நீங்களும் ஒரு கீறல் படாமல் ஆடி ஓடி, பசியோடு வீடு வந்து சேருங்கள்.