குடைந்த மட்டை

“பொய்! இந்த மெஷின்லதான் கோளாறு. இன்னொரு தடவை வச்சுப் பாருங்க!” வெண்டல் போட்ட கத்தலில் அமெரிக்காவின் துல்சா நகரப் பூங்காவே திரும்பிப் பார்த்தது. சனிக்கிழமை சாஃப்ட்பால் ஆட்டத்தில் இன்னும் முதல் பந்துகூட வீசவில்லை.

நடுவர் டெல்பர்ட் மூன்றாவது முறையாக மட்டையை அழுத்திப் பார்க்கும் கருவியில் வைத்துத் திருகினார். முள் இருநூற்றிருபதைத் தொட வேண்டும். நூற்றெழுபதிலேயே நின்றுவிட்டது.

மட்டையின் நுனி மூடியை நெம்பி எடுத்து, உள்ளே விளக்கடித்துக் காட்டினார். “காலையில யாரோ போன்ல சொன்னது சரிதான். உள்சுவரைச் சீவியிருக்கு. லேத்ல குடுத்து நேக்கா பண்ணின வேலைப்பா. இதால அடிச்சா பந்து வீசறவன் மண்டை பொளந்துடும்.”

“பைபிள் மேல சத்தியமா நான் செய்யலை!”

“மட்டை உன்னுது. களத்துக்குள்ள கொண்டுவந்தாலே குத்தம்தான். ஒரு வருஷம் தடை.”

ஒரு வருஷமா! மார்ச் பிறந்தால் நவம்பர் வரை மைதானமே கதி என்று கிடப்பவன் அவன். ஐம்பத்து நாலு வயதில் நாலடி ஓடினாலே மூச்சு வாங்கும். அவன் அடித்தால் வேறு ஆள்தான் ஓடுவான். அப்படியும் ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டதில்லை. அப்பேர்ப்பட்டவனைத் திருடன் மாதிரி நிற்க வைத்தால் வயிறு எரியாதா?

எதிரணித் தலைவன் ராண்டல் சிரித்தான். வெண்டல் அவன்மேல் பாய்ந்தான். “நடுவருக்குப் போன் போட்டு மாட்டிவிட்டது நீதானேடா? மட்டையைக் குடைஞ்சதும் நீதான்!”

“போடா! உங்களைத் தோக்கடிக்க எனக்கு இந்தக் களவாணி வேலை வேற வேணுமா? போன வாரம் பன்னெண்டு ரன் வித்தியாசத்துல துவைச்சோமே, அது எந்த மட்டையில?”

வெண்டலின் மனைவி லோர்னா, பைப் தொழிற்சாலைச் சீருடையைக்கூட மாற்றாமல் கம்பி வேலியோரம் நின்றிருந்தாள். ஓடி வந்து நடுவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “சார், தடை இந்த ஊர்ல மட்டும்தானா? அப்பீல் பண்ணினா குறைப்பாங்களா?”

“மாநிலம் முழுக்கம்மா. அப்பீல் பண்ணாலும் ஒருநாள்கூடக் குறையாது. மன்னிச்சுக்க.”

அவள் கண்கள் கலங்கின.

வெண்டல் தொப்பியைத் தரையில் அடித்தான். “முப்பது வருஷம் நேர்மையா ஆடினேன், லோர்னா! எவன் செஞ்சான்னு மட்டும் தெரியட்டும், அவன் கையை முறிக்கிறேன்!” சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, காரில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். நாலு கார் தள்ளிப் போய் நின்றுகொண்டு போனை எடுத்தாள்.

“டாக்டர், அவரோட ஹார்ட் ஆபரேஷனுக்குத் தேதி குடுங்க. இனிமே தள்ளிப்போட அவருக்கு ஒரு ஆட்டம்கூட இல்லாம பண்ணிட்டேன்.”