வாசப்படிச் சங்கு

“யோவ், நிறுத்துய்யா! அந்த வாசப்படியில கடப்பாரை பட்டுச்சு, நடக்கறதே வேற!”

ஷேர் ஆட்டோவிலிருந்து பாதி இறங்கும்போதே கிருஷ்ணப்பன் கத்தினார். ராயபுரத்தில் அந்தப் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அது அவர் பிறந்து வளர்ந்த வீடு. மகள் எழில்மொழியின் கல்யாணத்துக்காக இருபத்திரண்டு வருஷம் முன்னால் அருள்நாதனுக்கு விற்றுவிட்டு, பெரம்பூருக்கு வாடகைக்குப் போனவர். இப்போதுதான் எண்ணூர்ப் பக்கம் அரை கிரவுண்டில் சொந்தமாக ஒரு வீடு எழும்புகிறது. நாளைக் காலை வாசக்கால் வைக்கிறார்கள்.

பழைய வீட்டை இடிக்கிற சேதியை டோல்கேட்டில் டீ குடிக்கும்போது யாரோ சொன்னார்கள். அதற்கப்புறம் டீ இறங்கவில்லை. அந்த வாசப்படியில் அவர் அப்பா பதித்த சங்கு இருக்கிறதே!

உடனே மனைவிக்குப் போன் போட்டார்.

“பட்டு, நம்ம வூட்டுச் சங்கை வாங்கிகினு வரேன். நாளைக்கு வாசக்காலுக்கு அதைத்தான் வைக்கணும்.”

“அங்க போவாதீங்க. மொதல்ல வூட்டுக்கு வாங்க, ஒண்ணு சொல்லணும்” என்றாள் பட்டம்மாள்.

“எல்லாம் வந்து கேட்டுக்கறேன்.” வைத்துவிட்டார்.

வழியெல்லாம் அந்தப் படி நினைப்புதான். சங்கின் முதுகு மட்டும் சிமென்டுக்கு மேலே தெரியும். வெள்ளிக்கிழமையானால் அம்மா அதைத் துடைத்து மஞ்சள் குங்குமம் வைப்பாள். சங்கும் லட்சுமியும் கடலில் கூடப் பிறந்தவர்களாம். மிதித்தால் முதுகில் ஒன்று விழும்.

ஹார்பரில் மூட்டை தூக்கிவிட்டு வரும் அப்பா, கால் எவ்வளவு வலித்தாலும் படியைத் தாண்டித்தான் உள்ளே வருவார். “படியில சங்கு இருந்தா, வர்றவன் கெட்ட நெனப்பை வெளியவே வுட்டுட்டு வருவான்டா” என்பார்.

சின்ன வயதில் கிருஷ்ணப்பன் அந்தப் படியில் படுத்து, காதை வைத்துக் கடல் சத்தம் கேட்பார். மூன்று தெரு தள்ளி நிஜக் கடலே இருந்தது, அது வேறு விஷயம்.

அருள்நாதன் துண்டால் தூசி தட்டிக்கொண்டு வந்தார்.

“வாங்கண்ணே. எப்டி கீறீங்க?”

“அத்த வுடு அருளு. வூட்டை வித்த அன்னிக்கு இன்னா சொன்னேன்? படியில சங்கு கீது, பத்திரம்னு சொன்னேனா இல்லியா? நீயும் தலையை ஆட்டுன. இடிக்கறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்களுக்கு அது வெறும் கல்லு. சர்ச்சுக்குப் போறவங்களுக்கு அதோட அருமை எப்டித் தெரியும்?”

கடப்பாரைக்காரர்களுக்கு நல்ல வேடிக்கை. அருள்நாதன் இப்போதைக்குக் குடி மாறியிருந்த எதிர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அங்கிருந்து அவர் மனைவி வியாகுலம்மாள் ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தார்.

பிரித்தால், சங்கு. கழுவி, மஞ்சள்கூடத் தடவியிருந்தது.

“மொதல்ல இதைத்தாண்ணே பேத்து எடுத்தோம். சாயந்தரம் உங்க வூட்டுக்கே கொண்டாரலாம்னு இருந்தோம்” என்றார் வியாகுலம்மாள்.

கிருஷ்ணப்பன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணீர் வந்துவிட்டது.

“இதான்... இதேதான்! லட்சம் சங்குல கலந்து வச்சாலும் எங்கப்பா கைபட்டதை நான் கண்டுபுடிச்சுடுவேன்!”

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிருஷ்ணப்பன் அதைக் கவனிக்கவில்லை. நன்றி சொல்லவும் மறந்துவிட்டு ஆட்டோ ஏறினார்.

வீட்டில் சங்கைப் பார்த்ததும் பட்டம்மாளுக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து இன்னொரு சங்கை எடுத்து வந்தாள். அதன் வயிற்றில் பழைய சிமென்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“இதாங்க மாமா வச்சது.”

கிருஷ்ணப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“வூட்டைக் காலி பண்ண அன்னிக்கு, நீங்க லாரி புடிக்கப் போனப்ப, நான்தான் நோண்டி எடுத்து, பள்ளம் தெரியாம கோணியைப் போட்டு மூடிட்டேன். வேற சாமி கும்புடறவங்களாச்சே, தூக்கி வீசிடுவாங்கன்னு பயம். நீங்க அவரை அவ்ளோ நம்பிட்டு வந்தீங்க. உங்ககிட்ட எப்டிச் சொல்றதுன்னே தெரில. இன்னிக்கு எப்டியாவது சொல்லிடலாம்னு இருந்தேன்.”

“அப்ப இது யாருது?”

அவளுக்கும் தெரியவில்லை. அருள்நாதனுக்குப் போன் போட்டு, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“அருளு, நீ குடுத்தது எங்கப்பா வச்ச சங்கு இல்ல. உனக்குத் தெரியுமா?”



“தெரியும்ணே. நாங்க குடி வந்த அன்னிக்கே படியில பள்ளந்தான் இருந்துச்சு. நீங்க எப்பனா இந்தப் பக்கம் வந்து பார்த்தீங்கன்னா உங்க வூட்ல பேஜாராவும். அதான் காசிமேட்டுல வலையில வந்த சங்கு ஒண்ணை வாங்கி, எதிர் வூட்டம்மாகிட்ட முறை கேட்டு, மஞ்சத்தண்ணி ஊத்தி வச்சோம். வெள்ளிக்கெழமையானா வியாகுலம் தொடச்சு வச்சிடும்.”

கிருஷ்ணப்பனுக்குக் காலையில் நடுத்தெருவில் கத்தியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

“சங்கு காணாமப் போனா என் வூட்ல எதுக்கு அருளு பேஜாரு?”

“அந்தப் பள்ளத்துல ஒடஞ்ச பச்சை வளையல் துண்டு ரெண்டு கெடந்துச்சுண்ணே... அக்காவை ஒண்ணும் திட்டிடாதீங்க.”