அரிசித் திருடனின் கல்லறை

“அம்மா, ஃபாதரே ஜெயிலுக்குப் போயிட்டாரே, அவர் குடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?” என்று ஜோவிட்டா ஒருமுறை கேட்டாள். “தண்ணி ஊத்தினது அவரு. உன்னை ஏத்துக்கிட்டது ஆண்டவரு” என்றாள் அமலி. விடுதிப் பிள்ளைகளின் அரிசியை விற்றுத் தண்டனை பெற்ற அந்தப் பாதிரியார் சிறையிலேயே இறந்தார். கல்லறைத் திருநாளன்று அவருடைய கல்லறையை மட்டும் யாரும் கழுவவில்லை. அமலி அதைக் கழுவி மெழுகுவர்த்தி ஏற்றினாள். “அரிசித் திருடனுக்கும் வெளிச்சமா, அக்கா?” என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு லில்லி. “அதை மன்னிக்க வேண்டியது பட்டினி கிடந்த பிள்ளைங்க. என் கடன் வேற” என்றாள் அமலி. குறைமாதத்தில் பிறந்த ஜோவிட்டாவை அங்கிக்குள் அணைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அந்தப் பாதிரியார்தான். எல்லாரும் போனபின் காற்று எழுந்தது. அமலி முந்தானையால் சுடரை மறைத்து, மெழுகு கரைந்து முடியும்வரை நின்றாள்.